பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவின் வயிறுகள்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவின் வயிறுகள் பேச ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை, இரண்டாவது பீரியடில்.

கணக்கு எடுக்கும் ஞானசுந்தரி டீச்சர் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டு, "நாளைக்கு இதுல டெஸ்ட்" என்றார். அந்த வகுப்பில் முப்பத்தெட்டு மாணவிகள். எல்லோருடைய சட்டைக் காலரிலும் ஒரு வெள்ளைப் பொத்தான் குத்தியிருந்தது. டெஸ்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் அதில் முப்பத்தேழு பொத்தான்கள், வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போல நிறுத்தி நிதானமாக, ஒரே குரலில் சொல்லின:

"நான் பருமனாகிவிடுவேனோ என்று அச்சமாக இருக்கிறது."

டீச்சரின் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. அவர் கொஞ்சம் பூசினாற்போல இருப்பவர். தன்னைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"யாருடி அது?"

"நாங்க இல்லைங்க மிஸ், எங்க வயிறுங்க மிஸ்" என்றாள் முதல் பெஞ்சில் இருந்த வர்த்தினி.

இதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் அந்தப் பொத்தான்கள் உடுமலைப்பேட்டைக்கு வந்திருந்தன. கொண்டுவந்தவன் இன்பராஜ், சென்னையில் ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்தில் பொறியாளன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் வேலை இல்லாமல் இருந்த ஒரே ஆசிரியர் என்பதால் திட்டத்தின் பொறுப்பு ஞானசுந்தரி டீச்சர் தலையில் விழுந்தது. அவரிடம் இன்பராஜ் விளக்கியிருந்தான்.

"இந்த மாத்திரை ஜவ்வரிசி அளவுதான் மேடம். முழுங்கினா வயித்துக்குள்ள போய் ஒட்டிக்கும். ஒரு வருஷத்துல அதுவே கரைஞ்சிடும். வயித்து நரம்புல என்ன ஓடுதுன்னு கேட்டுப் பொத்தானுக்கு அனுப்பும். பொத்தான் அதை வாய்விட்டுச் சொல்லிடும்."

"வயிறு கத்தறது எனக்கே கேக்குமேங்க. பதினொன்றரை ஆனா கிளாஸே நடத்த முடியாது."

"அது பசி மேடம். இது அதுக்கும் அடியில இருக்கற விஷயம். நார்வேல இந்த வயசுப் பொண்ணுங்க நிறையப் பேர், குண்டாயிடுவோம்னு பயந்துக்கிட்டு, வீட்டுக்குத் தெரியாம பட்டினி கிடந்து ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டிருந்தாங்க. கேட்டா வாயைத் திறக்க மாட்டாங்க. அதனால வயித்தையே பேச வச்சுட்டோம். எத்தனையோ பேர் பிழைச்சிருக்காங்க."

"இங்க அப்படியெல்லாம் பயந்து நான் பாத்ததில்லையே. எங்க புள்ளைங்க பயமெல்லாம் வேற மாதிரிங்க."

"எல்லா ஊர்லயும் வயிறு ஒண்ணுதானே மேடம்?" என்று இன்பராஜ் சிரித்தான்.

அது தப்பு என்று தெரிய அவனுக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

அந்த ஐந்து வாரமும் 'ஆ' பிரிவில் பாடம் நடத்துவது பெரும்பாடாக இருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கேன்டீனில் பருப்பு வடை வேகும் வாசனை வந்தால் வர்த்தினியின் பொத்தான், "என் உடலை எண்ணிக் குற்ற உணர்வு கொள்கிறேன்" என்று அறிவிக்கும். வர்த்தினி பொத்தானைக் கையால் பொத்திக்கொண்டு, "எனக்கு வடை வேணுங்க மிஸ், அவ்வளவுதானுங்க" என்பாள். ஒருத்தியின் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று அவள் பொத்தான் நாள் முழுக்க இடுப்பளவைப் பற்றிப் புலம்பியது. தலையில் பல்லி விழுந்த பெண்ணின் பொத்தானும் அதையேதான் சொன்னது. விடைத்தாள் கொடுத்தாலும், தலைமையாசிரியை வராந்தாவில் நடந்தாலும், பேருந்து தாமதமானாலும் எல்லா வயிறுகளுக்கும் பருமனாகிவிடுமோ என்ற ஒரே அச்சம்.

முதலில் சிரித்தார்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, தன் வயிற்றிலிருந்தே வருவதாகச் சொல்லப்படும் ஒரு குரல், ஒரே விஷயத்தைச் சொன்னால் எவ்வளவு நாள்தான் சிரிக்க முடியும்? மூன்றாவது வாரத்தில் ஒருத்தி கழிப்பறைக் கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அடுத்தவளும் பார்த்தாள். சாப்பாட்டு டப்பாக்கள் பாதியோடு வீட்டுக்குத் திரும்பின. கேன்டீன்காரர் மிஞ்சிய வடைகளை ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்து கொட்டினார். ஞானசுந்தரி டீச்சரே ஒரு வடையை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். பிறகு, தன்னிடம் பொத்தானே இல்லை என்பது நினைவுக்கு வர, கோபத்தோடு இரண்டாக எடுத்துக்கொண்டார்.

அம்மாக்கள் திரண்டு வந்தார்கள்.

"என்ற புள்ளை தேறவே மாட்டேங்கறாளேன்னு நாங்க லேகியம் கிளறிக் குடுத்துட்டு இருக்கறோம். இந்தப் பித்தான் என்னடான்னா, குண்டாயிருவாளோன்னு பயப்படறாளாம்! யாரைக் கேட்டுச் சொல்லுது அது?" என்று ஒரு அம்மா மேசையைத் தட்டினார். உடுமலையில் பெண்பிள்ளை ஒல்லியாக இருந்தால்தான் வீட்டுக்கு அவமானம். கறுத்துப் போனால் இன்னும் பெரிய அவமானம். குண்டு என்பது, கல்யாணம் ஆகிற வரைக்கும், யாரும் அஞ்சுகிற விஷயமாக இருந்ததில்லை.

"வீட்டுல ஒல்லின்னு திட்டறாங்க, ஸ்கூல்ல குண்டுன்னு திட்டுது. நான் எந்தப் பக்கமுங்க போறது?" என்று வர்த்தினி கேட்டாள்.

இவ்வளவு களேபரத்திலும் வாயே திறக்காத பொத்தான் ஒன்று இருந்தது. அது சுபிக்ஷாவுடையது. கடைசி பெஞ்சில், வர்த்தினியை விட அரைச்சாண் உயரமாக, எப்போதும் முழுக்கைச் சட்டையோடு இருப்பாள். அவள் அப்பா நாச்சிமுத்து தேங்காய் நார் மில் வைத்திருந்தார். போன வருடம் வரை பள்ளி வாலிபால் அணியில் இருந்தவள், இப்போது ஆடுவதில்லை.

பொத்தான்கள் சொன்னதைத் தொகுத்து நிறுவனம் அனுப்பியதில் முப்பத்தேழு பேரின் அறிக்கையும் சிவப்பில் வந்தபோது, சுபிக்ஷாவின் அறிக்கை மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பச்சையாக இருந்தது. அச்சம் இல்லை, கலக்கம் இல்லை, குற்ற உணர்வு இல்லை. இன்பராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நிறுவனத்திடம் சொல்லி ஒரு கேடயம் செய்து வரவழைத்தான். அதில் 'நலமான வயிறு' என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தது.

புதன்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கேடயம் வழங்கப்பட்டது. சுபிக்ஷா மேடையேறினாள், வணக்கம் சொன்னாள், கேடயத்தை வாங்கினாள். இன்பராஜ் புகைப்படம் எடுக்கக் கைபேசியை உயர்த்தினான். திரையில் கேடயம் தெரிந்தது, சுபிக்ஷா தெரியவில்லை. அவள் மயங்கிக் கீழே கிடந்தாள்.

"அனைத்தும் நலம்" என்றது அவள் பொத்தான்.

மயங்கியவளை ஓய்வறைக்குத் தூக்கிப் போனார்கள். ஆட்டோ வருவதற்குள் முகத்தில் தண்ணீர் தெளித்துக் கண்ணைத் திறக்க வைத்தார்கள். டீச்சர் அவள் சட்டைக் கையை மேலே தள்ளி, குச்சி போல மெலிந்திருந்த கையைப் பார்த்துவிட்டுத் திரும்ப இழுத்து விட்டார். கதவோரம் நின்ற வர்த்தினி திடீரென்று ஓவென்று அழத் தொடங்கினாள்.

"மிஸ், ரெண்டு மாசமா அவ டப்பாவை நாந்தானுங்க சாப்பிடறேன். வேண்டாம்னு குடுப்பா. கோழிக் குழம்புங்க மிஸ், முட்டைங்க மிஸ்... நான் கேக்கவே இல்லைங்க, ஏன்னு."

"அழுவாதடி. உனக்குத்தான் கோழிக் குழம்பு பிடிக்குமே" என்றாள் சுபிக்ஷா மெதுவாக.

இன்பராஜ் கையில் கேடயத்தோடு நின்றான். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"உனக்குக் குண்டாயிடுவோம்னு பயமா?" என்று கேட்டான்.

சுபிக்ஷா அவனை வினோதமாகப் பார்த்தாள். "நானாங்க? நான் எதுக்குங்க பயப்படறேன்? நான் ஒல்லின்னு எனக்கே தெரியுமுங்க. கல்யாணத்துக்குப் போனா அத்தனை பேரும் கையைப் பிடிச்சு அளந்து பாத்துட்டுத்தான் வாங்கன்னே கேக்கறாங்க."

"அப்புறம் ஏன் சாப்பிடறதில்லை?"

அவள் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க வீட்டுல எதுக்குமே எங்கிட்டக் கேக்க மாட்டாங்க. வெயில்ல கருத்துப் போறேன்னு வாலிபாலை நிறுத்திட்டாங்க. கேக்கலை. பதினொண்ணாவதுக்கு எந்த குரூப்னு அத்தை முடிவு பண்ணிட்டாங்க. முடியை எப்பிடிப் பின்னறதுன்னு பெரியம்மா சொல்றாங்க. சோறு போடும்போது மட்டுந்தான் 'போதுமா'ன்னு ஒரு கேள்வி கேப்பாங்க. ஒரு நாள் போதும்னு சொன்னேன். வீடே நின்னு போச்சு. அப்பா டிவியை அணைச்சுட்டாரு. நான் சொன்னதைக் கேட்டு இந்த வீட்டுல ஒண்ணு நின்னது அன்னிக்குத்தான். அன்னிக்கு வயிறு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சுங்க."

"அதான் பொத்தான் பேசலையா" என்றார் டீச்சர்.

இன்பராஜ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "பன்னிரண்டாயிரம் நார்வேப் பொண்ணுங்ககிட்ட கத்துக்கிட்டது மேடம் இந்த மாத்திரை. வயித்துல ஒரு முடிச்சு விழுந்தா அதுக்கு ஒரே ஒரு அர்த்தந்தான் தெரியும். முடிச்சு விழலேன்னா எல்லாம் சரின்னு நினைச்சுக்கும். இங்க வர்றதுக்கு முன்னாடி ஒருத்தர் வயித்தைக்கூட நாங்க கேக்கலை. பேச்சை மட்டும் தமிழ்ல மாத்திட்டோம்."

"அதுவும் நல்ல தமிழா மாத்தலீங்களே" என்றார் டீச்சர்.

கோயம்புத்தூர் மருத்துவமனையில் சுபிக்ஷா இரண்டு வாரம் இருந்தாள். அங்கே இருந்த பெண் மருத்துவர் அவள் அம்மா கலாமணியைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். "இதுவும் அதே நோய்தாம்மா. வெளிநாட்டுல குண்டாகப் பயம்னு சொல்லிப் பட்டினி கிடக்கறாங்க. இங்க நிறையப் பிள்ளைங்க அந்தப் பயமே இல்லாம கிடக்கும். நாங்களே சில சமயம் கண்டுபிடிக்காம விட்டுருக்கோம். ஊட்டி ஊட்டிச் சரிபண்ணப் பாக்காதீங்க. கொஞ்ச நாள் ஆகும்."

கலாமணி தலையாட்டினார். கையில் இருந்த தூக்குப்போசியில் நாட்டுக்கோழி ரசம் இருந்தது. அதை மேசைக்கு அடியில் தள்ளிக்கொண்டார்.

இன்பராஜ் சென்னைக்குத் திரும்பவில்லை. சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து, பொத்தான்களின் வாயை அடைத்து, அவற்றை அதிர மட்டும் வைத்தான். பொத்தான் அதிரும்போதெல்லாம் நிஜத்தில் என்ன தோன்றியது என்று மாணவிகள் தங்கள் வாயால் வந்து சொல்ல வேண்டும். அதை அவன் மாத்திரைக்குக் கற்றுக்கொடுப்பான். இடைவேளைதோறும் கொட்டகையில் வரிசை நின்றது.

"டெஸ்டுன்னதும் வயித்தைக் கலக்குச்சுங்க."

இன்பராஜ் பதிவு செய்தான். ஐந்து நிமிடத்தில் நார்வேயில் இருந்த தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது: மாணவியை உடனே கழிப்பறைக்கு அனுப்பவும்.

"என் தங்கச்சிக்குப் புது ஃபோன் வாங்கிக் குடுத்துட்டாங்க. வயிறு எரியுதுங்க."

இதற்கு ஆம்புலன்சே வந்துவிட்டது. டெஸ்டைத் தள்ளிவைத்த டீச்சர் தன் வயிற்றில் பாலை வார்த்தார் என்று ஒருத்தி சொன்னதைப் படித்துவிட்டு, ஆசிரியர் மாணவிக்குப் பலவந்தமாகப் பால் புகட்டினாரா என்று விசாரணைக் கடிதம் வந்தது. ஞானசுந்தரி டீச்சர் அதற்கு இரண்டு பக்கம் பதில் எழுதினார். இன்பராஜ் ராப்பகலாக அலுவலகத்தோடு சண்டை போட்டான். வயிறு என்பது இந்த மொழியில் சாப்பாட்டுக்கு மட்டுமான இடம் இல்லை, பொறாமை, பயம், ஆறுதல், பாசம் எல்லாம் இங்கேதான் குடியிருக்கின்றன என்று அவன் அனுப்பிய அறிக்கையை அங்கே முதலில் நகைச்சுவை என்று நினைத்தார்களாம்.

சுபிக்ஷா மருத்துவமனையிலிருந்து வந்ததும் அவளும் கொட்டகைக்கு வந்தாள். "எனக்குத்தான் பொத்தான் அதிரவே இல்லையேங்க. நான் என்னன்னு சொல்றது?"

"அதிராம இருந்துச்சே, அது என்னன்னு சொல்லு."

அவள் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான். அலுவலகத்துக்குக்கூடக் காட்டாமல் மாத்திரைக்கு மட்டும் அவன் கற்றுக்கொடுத்த ஒரே பதிவு அது.

இப்படிப் புதிதாகக் கற்றுக்கொண்டு வாய் திறந்த பொத்தான் சுபிக்ஷாவின் வீட்டில் முதன்முதலாகப் பேசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்பா, அம்மா, சரசு அத்தை மூவரும் பந்தியில் இருந்தார்கள். மருத்துவர் சொன்ன அளவில் அம்மா சோறு வைத்தார். அத்தை அதன் மேல் இன்னொரு கரண்டி கொட்டினாள். சுபிக்ஷா தட்டைத் தள்ளினாள். அப்போது, செய்தி வாசிப்பவர் குரலில் இல்லாமல், உடுமலைப் பெண்பிள்ளையின் குரலிலேயே பொத்தான் பேசியது.

"எனக்குப் பசிக்குது. ஆனா இதையும் தின்னுட்டா, நான் சொல்றதுக்குன்னு ஒண்ணும் மிச்சம் இருக்காது."

"ஆருடி பேசறது?" என்று அத்தை சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு பொத்தானைக் கண்டுபிடித்து அதைப் பார்த்தே சத்தம் போட்டாள். "பெரியவங்க உக்காந்திருக்கறப்ப உனக்கென்ன பேச்சு?"

"நீங்க சும்மா இருங்க அண்ணி" என்றார் கலாமணி. இருபது வருடத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தை நிஜமாகவே சும்மா இருந்துவிட்டாள். "நாங்க என்ன பண்ணோணும் அம்மிணி?"

"எங்கிட்ட எதாவது கேளுங்கம்மா."

மூவரும் யோசித்தார்கள். பழக்கமில்லாத வேலை. கடைசியில் நாச்சிமுத்துதான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"இந்த... ஃபேன் வேகம் உனக்குச் சரியா இருக்குதா கண்ணு?"

சுபிக்ஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொஞ்சம் கம்மி பண்ணுங்கப்பா" என்றாள். மில் முதலாளி எழுந்து போய்க் குறைத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கேள்விகள் நிற்கவே இல்லை. குளியலறைக்கு என்ன நிறத்தில் வாளி வாங்கலாம், மில்லுக்குப் புது லாரி எடுக்கலாமா, பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் வைக்கலாம், நாளைக்கு மழை வருமா? "எனக்கெப்பிடித் தெரியும் அத்தை?" என்று அவள் கத்த வேண்டியதாயிற்று. பதினொன்றாம் வகுப்புக்கு எந்த குரூப் என்று கேட்டபோது மட்டும் அவள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு பதில் சொன்னாள். அத்தைக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அதுதான் நடந்தது.

உடம்பு உடனே சரியாகிவிடவில்லை. நல்ல வாரமும் வந்தது, கெட்ட வாரமும் வந்தது. மாதம் இரண்டு தடவை கோயம்புத்தூர். வர்த்தினி இப்போது தன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் ஆரம்பிக்கும் வரை ஆரம்பிப்பதில்லை. வர்த்தினிக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்பது அவள் பொத்தானைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

ஆறு மாதம் கழித்து நிறுவனத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. வயிற்றின் முடிச்சுக்கு இத்தனை நாள் ஒரே அர்த்தம் வைத்திருந்தார்கள். 'ஆ' பிரிவு மாணவிகள் அறுபத்து நான்கு அர்த்தம் கொடுத்திருந்தார்கள். பரிசோதித்துப் பார்த்ததில் மற்ற ஊர் வயிறுகளையும் அது நன்றாகப் பிரித்தறிகிறதாம். ஆகவே அதை எல்லா நாட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். மொழிபெயர்ப்பு மட்டும் வழக்கம்போல, சொல்லுக்குச் சொல்.

ஒரு சனிக்கிழமை மதியம், இன்பராஜ் ஏற்பாடு செய்த வீடியோ அழைப்பில், நார்வேயிலிருந்து மாரித் என்ற பெண் சுபிக்ஷாவைப் பார்த்தாள். அவளுக்கும் பதினைந்து வயதுதான். அங்கே அப்போது காலை. அவள் பேச்சைக் கருவி தமிழாக்கிக் கொடுத்தது.

"என் வயிற்றில் யாரோ புளியைக் கரைக்கிறார்கள் என்று என் பொத்தான் தினமும் சொல்கிறது. என் தாயார் நான்கு கடைகளில் விசாரித்துவிட்டார். மருத்துவர் ஒவ்வாமைப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். புளி என்றால் என்ன?"

சுபிக்ஷா விழுந்து விழுந்து சிரித்தாள். "அது புளி இல்லைங்க, பயம்! என்னமோ கெட்டது நடக்கப் போவுதுன்னு இருக்குமில்ல, உள்ளுக்குள்ள? அதை நாங்க அப்பிடிச் சொல்லுவோம்."

மாரித் சிரிக்கவில்லை.

"இரண்டு வருடமாக எனக்குப் பருமனாகப் பயம் என்று மருத்துவக் குறிப்பில் எழுதிவருகிறார்கள். நானும் ஆமாம் என்றேன். அப்படிச் சொன்னால்தான் யாராவது உட்கார்ந்து கேட்டார்கள். அப்புறம் அதுவே உண்மையாகிவிட்டது" என்றாள். "என் தந்தை வீட்டை விட்டுப் போகப் போகிறார் என்று நினைக்கிறேன். வாசலில் அவருடைய பூட்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தினமும் சாப்பிட உட்காருவேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை."

"இப்பச் சொல்லிட்டீங்கல்ல" என்றாள் சுபிக்ஷா.

"ஆம். நீ எனக்கு அந்தப் புளியைக் காட்டு. உண்மையிலேயே அப்படித்தான் இருக்குமா என்று பார்க்க வேண்டும்."

சுபிக்ஷா கைபேசியைச் சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்தாள். ஒரு உருண்டை புளியைத் தண்ணீரில் போட்டுக் கேமரா முன்னால் கரைத்தாள். தண்ணீர் கலங்கிப் பழுப்பாகிச் சக்கை மேலே மிதந்தது. மாரித் திரையோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள். "ஆமாம். சரியாக இப்படித்தான்" என்றாள். "எப்படி ருசிக்கும்?"

சுபிக்ஷா விரலை நாக்கில் வைத்தாள். ஒரு கண் தானாக மூடிக்கொண்டு முகம் கோணிப் போயிற்று. அந்த முகத்தைப் பார்த்து நார்வேயில் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இவ்வளவு புளிப்பை வைத்துக்கொண்டு பிறகு என்ன செய்வீர்கள்?"

"ரசம் வைப்போம்."

அடுப்பைப் பற்றவைத்தாள். மிளகும் சீரகமும் தட்டினாள், தக்காளியை நசுக்கினாள், கடுகு தாளித்தாள். அந்த நெடி நார்வேக்குப் போகவில்லை, கூடத்துக்குப் போயிற்று. அம்மாவும் சரசு அத்தையும் ஒருவர் பின்னால் ஒருவராகச் சமையலறைக் கதவோரம் வந்து நின்றார்கள். அடுப்பு மேலே சூடான சோறு இருந்தது. சுபிக்ஷா தட்டில் தானே இரண்டு கரண்டி போட்டு ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள்.

"ஒரு கரண்டி நெய்..." என்று ஆரம்பித்த அத்தையின் வாயைக் கலாமணி கையால் பொத்தினார்.

சுபிக்ஷா ஒரு வாய் சாப்பிட்டாள்.

"இப்போது உள்ளே எப்படி இருக்கிறது?" என்று மாரித் கேட்டாள்.

"இருங்க, ஒரு வாய்ல தெரியாது" என்று சொல்லிவிட்டு, சுபிக்ஷா தட்டோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."